மான்கறிக்கு ரெண்டு விசில் கூட விட்டால் போதுமா?

என் தங்கை மகன் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். போன நவம்பரில் பக்கத்து வீட்டுக்காரர் தான் வேட்டையாடிய மானில் ஒரு பங்கு கறி கொடுத்திருக்கிறார். "பெரியம்மா, இதை எப்படி வைக்கிறது?" என்று எங்கள் ஊர் மண்டபத்துக்குப் போன் போட்டான். ஆளுக்கொரு பக்குவம் சொன்னோம். "காட்டு மிருகம்ப்பா, ரெண்டு விசில் கூட விடு" என்றார் என் மாமியார். நானும் தலையாட்டினேன். அது எவ்வளவு தப்பான யோசனை என்று அப்புறம் படித்தபோதுதான் தெரிந்தது.

அங்கே மான்களுக்கு சி.டபிள்யூ.டி. (Chronic Wasting Disease) என்று ஒரு நோய் இருக்கிறது. மூளை பஞ்சு போல ஓட்டையாகி, உடம்பு இளைத்து, எச்சில் ஒழுக, தள்ளாடித் தள்ளாடிச் செத்துப்போகும். 1967-ல் கொலராடோவில், அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் தெரியவந்தது. விஸ்கான்சின் காட்டு மான்களிடம் 2002-ல் கண்டுபிடித்தார்கள். கனடா, நார்வே, பின்லாந்து, ஸ்வீடன், தென்கொரியாவிலும் இருக்கிறது. இதற்குக் காரணம் பாக்டீரியாவோ வைரஸோ கிடையாது. ப்ரியான் என்று சொல்லப்படும், மடிப்பு மாறிப்போன ஒரு புரதம். தொட்ட நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடித்துவிடும்.

உயிர் இருந்தால்தானே வேகவைத்துக் கொல்ல முடியும்? பேத்தை மீனை எத்தனை நேரம் கொதிக்கவிட்டாலும் விஷம் போகாது என்று நம் கரையில் எல்லாருக்கும் தெரியும். அது வேறு பொருள், இது வேறு பொருள். ஆனால் அடுப்பை நம்பக் கூடாது என்பதில் இரண்டும் ஒன்று. பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரி பக்கம்தான் போகும். ப்ரியான் அதையும் தாங்கும். உப்புக்கண்டம் போட்டாலும், கருவாடு மாதிரி வெயிலில் காயவைத்தாலும், ஃப்ரீசரில் மாதக்கணக்கில் வைத்தாலும் அழியாது.

இன்னொரு தவறு, கண்ணையும் மூக்கையும் நம்புவது. செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கிப் பழகியவர்கள் நாம். இந்த நோயோ வெளியே தெரியவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை மான் கொழுகொழுவென்று ஓடித் திரியும், எச்சிலிலும் சாணத்திலும் நோயைப் பரப்பிக்கொண்டே.

சரி, சோதித்துப் பார்க்கலாமே என்றால், கறித்துண்டைக் கொடுத்துச் சோதிக்க முடியாது. தொண்டைப் பகுதி நிணநீர்க் கணுவையோ மூளையின் அடிப்பகுதியையோ எடுத்துத்தான் பார்ப்பார்கள். ஆகவே வேட்டையாடியவரிடம் "தலையைச் சோதனைக்குக் கொடுத்தீர்களா?" என்று கேட்க வேண்டும். விஸ்கான்சினில் இந்தச் சோதனை இலவசம். முடிவு வரும்வரை கறியைத் தொடாமல் ஃப்ரீசரில் வைப்பதுதான் முறை. 'நோய் இருக்கிறது' என்று வந்தால் ஒரு துண்டுகூட வாயில் வைக்கக் கூடாது. 'தென்படவில்லை' என்று வந்தாலும் அது நூற்றுக்கு நூறு உத்தரவாதம் ஆகாது. ஆனால் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. கைமா போடக் கடையில் கொடுத்தால் பல மான்களின் கறி கலந்துவிடும், தனியாக அரைத்துத் தரச் சொல்ல வேண்டும்.

தலைக்கறி, மூளை வறுவல் என்று நமக்கு ஆசை அதிகம். நோய் பரவியிருக்கும் வட்டாரத்து மானாக இருந்தால் அதை அடியோடு விட்டுவிடுங்கள். மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர்க் கணுக்களில்தான் ப்ரியான் அதிகம் சேர்கிறது. சதையிலும் உண்டு என்பதால், அவற்றை நீக்கிவிட்டால் மட்டும் கறி சுத்தமாகிவிடாது.

மனிதருக்கு இது வந்ததாக இதுவரை உறுதியான ஒரு சம்பவமும் இல்லை. "அப்படியானால் சாப்பிடலாமே" என்று தங்கை மகன் கேட்டான். பிரிட்டனில் 1986-ல் மாடுகளிடம் இதே வகை நோயைக் கண்டார்கள். அது மனிதருக்கும் தொற்றியிருக்கிறது என்று 1996-ல்தான் அறிவித்தார்கள். அந்தப் பத்து வருஷத்தை நினைத்தால் எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்காக ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆட்டுக்கு வரும் ப்ரியான் நோயை 250 வருஷத்துக்கு மேலாக உலகம் அறியும். அது மனிதருக்குத் தொற்றியதாகச் சான்று இல்லை.

இங்கே யாராவது ரகசியமாக மான்கறி கொண்டுவந்து "நம்ம ஊர் மானுக்கு அந்த நோயெல்லாம் இல்லை" என்று சொன்னால், வாங்காதீர்கள். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவதும் கறியை வைத்திருப்பதும் குற்றம், சிறை உண்டு. யாரும் சோதிக்காத கறி வேறு.

தங்கை மகன் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறான். தலையைக் கொடுக்கவில்லையாம், காட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். கறியைப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிட்டதாக மறுநாள் சொன்னான்.