ஹோ நதிப் பள்ளத்தாக்கில் நடக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

சியாட்டிலில் இருந்து காரில் நாலு மணி நேரம்தான் என்பதால், வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் ஹோ மழைக்காட்டுக்கு நம்மவர்களும் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். ஹோ நதியின் வடகரையை ஒட்டிப் போகும் பாதை, ஒலிம்பஸ் மலையடியில் கிளேசியர் மெடோஸ் வரை 17 மைலுக்குச் சற்று மேல். ஏறக்குறைய 28 கிலோமீட்டர். இங்கே பலரும் செய்யும் பெரிய தவறு, முதல் நாள் நடந்த வேகத்தை வைத்து இரண்டாம் நாளைத் திட்டமிடுவது.

பாதை தொடங்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 175 மீட்டர். 9 மைல் நடந்து ஒலிம்பஸ் காவல் குடிலுக்கு வந்தாலும் 300 மீட்டரைத் தொட்டிருக்க மாட்டீர்கள். 13ஆம் மைலில் நதியைக் கடக்கும் உயரப் பாலம் சுமார் 400 மீட்டரில் இருக்கிறது. அதற்கப்புறம் மிச்சம் நாலு மைல்தான், ஆனால் அதற்குள் 900 மீட்டர் ஏற வேண்டும். முதுகில் 15 கிலோ சுமையோடு கீழே மணிக்கு 2 மைல் போனவர், இங்கே 1 மைல் போனாலே நல்ல வேகம். அதனால் முதல் இரவைக் காவல் குடில் பக்கம் கழித்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் கிளம்புங்கள். ஒரே நாளில் திரும்புகிறவர்களுக்கு ஃபைவ் மைல் ஐலண்ட் போய்வர 10 மைல், அதுவே போதும்.

கிளேசியர் மெடோஸுக்குச் சற்று முன்னால் மண் சரிந்து பாதையே இல்லாத ஒரு செங்குத்துச் சரிவு வரும். அதில் மரப்படிகள் கோத்த ஏணி தொங்கும். ஊன்றுகோலைக் கையில் பிடித்தபடி இறங்குவதுதான் இங்கே நடக்கும் தப்பு. கோல்களை மடக்கிப் பையில் கட்டிவிட்டு, சரிவைப் பார்த்தபடி ஒவ்வொருவராக இறங்க வேண்டும். காலடியில் கல் உருளும், ஆகவே அடுத்தவர் ஏணிக்கு நேர்கீழே நிற்கக் கூடாது. மேல்பகுதியில் ஜூலை வரைகூடப் பனி கிடக்கலாம். ஏணி எந்த நிலையில் இருக்கிறது என்று பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

அடுத்தது மழை. இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,500 மில்லிமீட்டர் பெய்கிறது. கோடையில் குறைவுதான், நம்ப முடியாது. ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் உடம்பிலேயே ஒட்டிக்கிடந்து சூட்டை உறிஞ்சும். 8 டிகிரிக் குளிரிலேயே கை விறைத்து, பேச்சுக் குழறத் தொடங்கிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழைத் துணிதான் சரி. பைக்கு மேலே போடும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள்: முதுகுப்பக்கம் திறந்திருப்பதால் தோள்பட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வடியும். பைக்குள் கனமான குப்பைப் பை ஒன்றை விரித்து, தூங்கும் பையையும் இரவுக்கான ஒரு செட் உடையையும் அதில் வைத்து, வாயை முறுக்கி உள்ளே மடித்துவிடுங்கள். எவ்வளவு நனைந்தாலும் அந்த உடையை நடக்கும்போது எடுக்கக் கூடாது.

நதித் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளிர்சாம்பல் நிறத்தில் ஓடும். பனியாறு பாறையை அரைத்த மாவு அது. நேராக வடிகட்டியை வைத்தால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். பக்கத்து ஓடைகளில் எடுங்கள். வழியில்லையென்றால் பாத்திரத்தில் இரவெல்லாம் தெளியவிட்டு மேல்தண்ணீரை மட்டும் வடிகட்டலாம். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தாலும் வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா இருக்கலாம். வடிகட்டி இல்லாதவர்கள் ஒரு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்.

பனி உருகுவதால், வெயில் நாளில் பிற்பகலுக்கு மேல் நதி ஏறும். நீர்விளிம்பில் கூடாரம் போட்டால் ராத்திரி எழுந்து இடம் மாற வேண்டியிருக்கும். மழை வரும் என்றிருந்தால் கூழாங்கல் திட்டே வேண்டாம். காட்டுக்குள் போட்டாலும் முதலில் அண்ணாந்து பாருங்கள். ஈர மண்ணில் இந்த மரங்களுக்கு வேர் ஆழம் போகாது. காற்றில் சாயும், கிளையும் முறியும்.

இரவு தங்க அனுமதிச் சீட்டு கட்டாயம், அதை ரெக்ரியேஷன்.கவ் தளத்தில் முன்பே வாங்க வேண்டும். புளியோதரை, ஊறுகாய் மட்டுமல்ல, பற்பசையும் காலிப் பொட்டலமும்கூடக் கரடி திறக்க முடியாத டப்பாவுக்குள் போக வேண்டும். ரூஸ்வெல்ட் எல்க் மான்களிடமிருந்து 45 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். மே, ஜூனில் கன்றோடு இருக்கும் பெண் மானும், செப்டம்பர், அக்டோபரில் இணை தேடும் ஆண் மானும் பாய்ந்து வரும். நாய்க்கு இந்தப் பாதையில் அனுமதி இல்லை.

கோடையில் காலை 10 மணிக்குள் வாகன நிறுத்தம் நிறைந்துவிடும். பிறகு ஒரு கார் வெளியே வந்தால்தான் அடுத்தது உள்ளே போகும், வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டிவரும். ஃபோர்க்ஸ் ஊரிலேயே பெட்ரோல் போட்டு, வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி, எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். பாதையில் சிக்னல் கிடைக்காது.