நகர மன்றக் கணக்கைத் தேடிப் படிப்பது எப்படி?

மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள என்ன வழி என்று சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) குடியிருப்பாளர்கள் கேட்பதுண்டு. அந்தக் கட்டணத்தை வாங்கிக் குடியிருப்புப் பேட்டையைப் பராமரிப்பது நகர மன்றம். சிங்கப்பூரில் உள்ளாட்சிக்கென்று தனித் தேர்தல் கிடையாது. 1988ஆம் ஆண்டு நகர மன்றச் சட்டப்படி அந்தந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களே மன்றத்துக்குப் பொறுப்பு. தகவல் உரிமைச் சட்டமும் இல்லை. ஆகவே கணக்கறிக்கைதான் உங்கள் கைக்கு எட்டும் நல்ல ஆதாரம்.

மன்றத்தின் இணையத்தளத்தில் ஆண்டறிக்கையைத் தேடுங்கள். நிதியாண்டு மார்ச் 31ல் முடிகிறது. தணிக்கைக்குப் பிறகே கணக்கு நாடாளுமன்றத்துக்குப் போகும். ஏப்ரலில் தேடிவிட்டு, மறைக்கிறார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம்.

படங்களைத் தள்ளிவிட்டு நேராகத் தணிக்கையாளர் அறிக்கைக்குப் போங்கள். குறை எதுவும் குறிக்காத கருத்து ஒருவகை, சில விவரங்களைத் தவிர மற்றவை சரி என்னும் கருத்து இன்னொரு வகை. கருத்துச் சொல்லவே இயலவில்லை என்பது மிகக் கடுமையானது. அல்ஜுனிட்-ஹவ்காங்-பொங்கோல் ஈஸ்ட் நகர மன்றத்தின் 2012/13 கணக்குக்கு அப்படி வந்தபின், அரசாங்கத்தின் தலைமைக் கணக்காய்வாளர் தணிக்கை செய்து 2015 பிப்ரவரியில் அறிக்கை தந்தார். அந்த ஒரு பக்கத்துக்கு அவ்வளவு கனம் உண்டு.

அடுத்து, அன்றாடச் செலவையும் சிங்கிங் ஃபண்டையும் (பெரிய வேலைகளுக்கென ஒதுக்கிச் சேர்க்கும் நிதி) பிரித்துப் பாருங்கள். கூட்டுவது, தாழ்வார விளக்கு எல்லாம் முதலாவதில். புளோக்குக்குச் சாயம் பூசுவது, கூரை போன்ற பெரிய வேலைகள் இரண்டாவதில். மின்தூக்கி மாற்றுவதற்குத் தனி நிதி இருக்கிறது. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் “இவ்வளவு பணம் வைத்துக்கொண்டு ஏன் கட்டணத்தை உயர்த்துகிறார்கள்?” என்ற கேள்வி எழுகிறது. பக்கத்திலேயே முந்தைய ஆண்டுத் தொகை இருக்கும். பெரிதாக மாறிய தொகையைக் குறித்துக்கொண்டு, அதன் பக்கத்தில் உள்ள எண்ணைப் பின்பற்றி விளக்கக் குறிப்புக்குச் செல்லுங்கள்.

தேசிய வளர்ச்சி அமைச்சு வெளியிடும் நகர மன்ற மதிப்பீட்டில் துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கி, கட்டண நிலுவை, நிர்வாகம் ஆகியவற்றுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்கள் தருவார்கள். நிர்வாக நிறத்தைத் தவறாமல் பாருங்கள்.

பிறகு எழுத்தில் கேளுங்கள்: ஆண்டு, பக்க எண், தொகை, ஒரே கேள்வி. “பணம் என்ன ஆச்சு?” என்று எழுதினால் பொதுவான பதில்தான் வரும். பதில் போதவில்லையென்றால் கடிதப் பிரதியோடு, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மக்களைச் சந்திக்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குச் செல்லுங்கள், தமிழிலும் பேசலாம். நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப உறுப்பினர் 7 முழு நாள்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பதால், அமர்வுக்கு முந்தைய வாரத்தில் போனால் காலம் போதாது.