முதலில் தமிழில் பேசட்டும், அப்புறம் ஆங்கிலத்தில் எழுதட்டும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்கும் ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் பத்தி எழுதச் சொல்லும் முன், அதே விஷயத்தை ஐந்து நிமிடம் தமிழில் பேச விடுங்கள்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்வதையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடியின் மேல் சட்டம் வைத்து, பூ அச்சுக்குள் சாயம் கலந்த சிமெண்டை ஊற்றுவது, அதன்மேல் மணலும் சிமெண்டும் போடுவது, காய்ந்தபின் தண்ணீரில் ஊறவைப்பது என்று பிள்ளைகள் வரிசையாகச் சொல்லட்டும். அவர்கள் சொல்லச் சொல்ல ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட், ஆஃப்டர் தட், ஃபைனலி என்ற நான்கையும் பலகையில் எழுதுங்கள். தெரியாத வினைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுங்கள். அப்புறம் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவது என்ற திகைப்பு இருக்காது. எப்படி எழுதுவது என்பதில் முழுக் கவனமும் போகும்.

வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் என்பதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. ஒரு மொழியில் வளர்ந்த சிந்தனைத் திறன் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடாவின் மொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே எழுதிவிட்டார். அங்கே குடியேறிய பிள்ளைகளுக்கே பேச்சு ஆங்கிலம் வர சுமார் 2 ஆண்டும், பாடங்களைப் படித்து எழுதத் தேவையான ஆங்கிலம் கைவர 5 முதல் 7 ஆண்டும் ஆனதாக அவர் கண்டார். வகுப்புக்கு வெளியே ஆங்கிலம் அதிகம் காதில் விழாத நம் பிள்ளைகளை அவசரப்படுத்தலாமா?

ஒன்று மட்டும் கவனம்: தமிழ்ப் பேச்சு ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மீதி நேரம் எழுதுவதற்கும், எழுதியதை ஆங்கிலத்திலேயே வாய்விட்டுப் படிப்பதற்கும் வேண்டும்.