'இன்னும்' வந்தாலே 'ஸ்டில்' போடலாமா?

'பஸ் இன்னும் வரவில்லை' என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பலர் வாயில் முதலில் வருவது 'த பஸ் இஸ் ஸ்டில் நாட் கமிங்'. கேட்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். ஆனால் அந்த இடத்தில் இயல்பாக வரவேண்டியது 'த பஸ் ஹேஸ்ன்ட் கம் யெட்'. தப்பு நடப்பது இலக்கணம் தெரியாததால் அல்ல. தமிழில் 'இன்னும்' என்ற ஒரே சொல் நாலைந்து வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டு செய்கிறது. ஆங்கிலத்தில் அதே வேலைகளை 'ஸ்டில்', 'யெட்', 'மோர்' என்று தனித்தனிச் சொற்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. சில இடங்களில் எந்தச் சொல்லும் வேண்டியதே இல்லை.

எனவே 'ஸ்டில்' என்ற சொல்லைப் பிடிக்க வேண்டுமானால் 'இன்னும்' என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். துணைவினை, நிகழ்கால வடிவங்கள் இவையெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: 'இன்னும்' என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்

வாக்கியத்தை மொழிபெயர்க்கும் முன் வினைச்சொல்லைப் பாருங்கள். ஒரு செயலோ நிலையோ தொடர்கிறது என்றால் 'ஸ்டில்'. 'மழை இன்னும் பெய்கிறது': 'இட் இஸ் ஸ்டில் ரெய்னிங்'. நடக்க வேண்டியது நடக்கவில்லை என்றால் பெரும்பாலும் 'யெட்', அதுவும் வாக்கியத்தின் கடைசியில். 'சார் இன்னும் வரவில்லை': 'சார் ஹேஸ்ன்ட் கம் இன் யெட்'.

'இன்னும்' பக்கத்தில் எண்ணோ அளவோ நின்றால் உஷாராகிவிடுங்கள். 'இன்னும் இரண்டு இட்லி' என்பது 'டூ மோர் இட்லீஸ்'. இங்கே 'ஸ்டில் டூ இட்லீஸ்' என்றால் பொருளே போய்விடும்.

எண் காலத்தைக் குறித்தால் மூன்று வகை உண்டு. இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்:

'இன்னும் பத்து நிமிடத்தில் வருகிறேன்': 'ஐ வில் பி தேர் இன் டென் மினிட்ஸ்'. 'இன்னும்' என்பதற்குத் தனிச்சொல் கிடையாது. 'இன்' என்பதிலேயே அது அடங்கிவிட்டது.

'இன்னும் பத்து நிமிடம் ஆகும்': 'இட் வில் டேக் டென் மோர் மினிட்ஸ்'. 'அனதர் டென் மினிட்ஸ்' என்றும் சொல்லலாம்.

'இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது': 'வி ஸ்டில் ஹேவ் டென் மினிட்ஸ்'. நேரம் கையில் மிச்சமிருக்கிறது என்ற நிலை தொடர்வதால் இங்கே மட்டும் 'ஸ்டில்'.

கடைசியாக ஒன்று. 'இது நல்லது, அது இன்னும் நல்லது' என்று ஒப்பிடும்போது 'ஸ்டில் பெட்டர்' என்றும் சொல்லலாம், 'ஈவன் பெட்டர்' என்றும் சொல்லலாம். பேச்சுக்கு 'ஈவன்'தான் என் தேர்வு. 'ஸ்டில்' அந்த இடத்தில் கொஞ்சம் எழுத்துநடையாக ஒலிக்கும்.

படி 2: வாக்கியத்தில் எங்கே வைப்பது

எதிர்மறை இல்லாத வாக்கியம் எளிது. 'இஸ், ஆம், ஆர்' வந்தால் அதற்குப் பின்னால்: 'ஷீ இஸ் ஸ்டில் அட் ஹோம்'. வேறு துணைவினை வந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால்: 'ஐ கேன் ஸ்டில் ரிமெம்பர் இட்'. வெறும் வினை மட்டும் இருந்தால் அதற்கு முன்னால்: 'ஷீ ஸ்டில் லிவ்ஸ் இன் மதுரை'.

படி 3: 'நாட்' வந்தால் இடம் மாறும்

மெதுவாகப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். மேலே சொன்ன விதியை அப்படியே எதிர்மறைக்குப் பொருத்தினால் 'ஹீ ஹேஸ்ன்ட் ஸ்டில் பெய்ட்', 'ஐ டோன்ட் ஸ்டில் நோ' என்று வரும். இரண்டும் தவறு. சரியானவை 'ஹீ ஸ்டில் ஹேஸ்ன்ட் பெய்ட்', 'ஐ ஸ்டில் டோன்ட் நோ'. எதிர்மறையில் 'ஸ்டில்' துணைவினையைத் தாண்டி முன்னால் போய் நிற்கிறது.

காரணம் இருக்கிறது. எது முன்னால் வருகிறதோ அது பின்னால் வருவதை ஆள்கிறது. 'ஸ்டில்' முதலில் வந்தால் 'பணம் கட்டாத நிலை தொடர்கிறது' என்று பொருள். 'நாட்' முதலில் வந்தால் மறுக்கப்படுவது தொடர்ச்சிதான். 'யூ ஆர் நாட் ஸ்டில் ஆங்ரி, ஆர் யூ?' என்று ஒருவர் கேட்டால், 'கோபம் இன்னும் தீராமலா இருக்கிறாய், இருக்காதே?' என்று கேட்கிறார். அந்த வரிசை வேண்டுமென்றே அப்படிக் கேட்கும்போதுதான் வரும்.

இதில் தமிழ் நமக்குத் துணை நிற்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'அவர் இன்னும் பணம் கட்டவில்லை': 'இன்னும்' முன்னால், 'இல்லை' பின்னால். 'ஹீ ஸ்டில் ஹேஸ்ன்ட் பெய்ட்' என்பதிலும் அதே வரிசைதான். 'இன்னும்... இல்லை' என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிவிட்டு அதே வரிசையில் 'ஸ்டில்... நாட்' போட்டால் தவறாது. 'யெட்' மட்டும் தலைகீழ்: 'நாட்' முன்னால், 'யெட்' பின்னால்.

தொடர்ச்சி அறுந்துவிட்டது என்று சொல்ல 'எனிமோர்' இருக்கிறது. 'அவர் இப்போது இங்கே வேலை செய்வதில்லை': 'ஹீ டஸ்ன்ட் வொர்க் ஹியர் எனிமோர்'. முன்பு செய்தார் என்ற செய்தியும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

படி 4: 'ஸ்டில்' தரும் எரிச்சல் தொனி

'ஐ ஹேவ்ன்ட் ரிசீவ்ட் த ஃபைல் யெட்', 'ஐ ஸ்டில் ஹேவ்ன்ட் ரிசீவ்ட் த ஃபைல்'. இரண்டுக்கும் தமிழ் ஒன்றுதான்: 'ஃபைல் இன்னும் வந்து சேரவில்லை'. ஆனால் தொனி ஒன்றல்ல. 'யெட்' செய்தி சொல்கிறது. 'ஸ்டில்' 'எவ்வளவு நேரமாகக் காத்திருப்பது?' என்று கேட்கிறது. பேச்சில் குரலை இழுத்து 'இன்ன்னும் வரவில்லை' என்போமே, அந்த இழுப்பு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

அலுவலக மின்னஞ்சலில் இது முக்கியம். மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ 'யூ ஸ்டில் ஹேவ்ன்ட் சென்ட்' என்று எழுதினால் குற்றம் சாட்டுவதுபோல் போய்ச் சேரும். முதல் நினைவூட்டலில் எப்போதும் 'யெட்', அதுவும் 'யூ' என்று தொடங்காமல் 'ஐ ஹேவ்ன்ட்' என்று தொடங்குங்கள். மூன்றாவது நினைவூட்டலுக்கு 'ஸ்டில்' நியாயமாகவே பொருந்தும்.

படி 5: 'இருந்தாலும்' என்ற பொருள்

'இட் ரெய்ன்ட் ஆல் டே. ஸ்டில், த மேட்ச் வென்ட் ஆன்.' நாள் முழுக்க மழை, இருந்தாலும் ஆட்டம் நடந்தது. வாக்கியத்தின் தலையில் வந்து காற்புள்ளியும் போட்டிருந்தால் இந்தப் பொருள்தான். 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' போடக்கூடாது. ஆனால் 'ஸ்டில்' போடலாம்: 'ஆல்தோ இட் ரெய்ன்ட், தே ஸ்டில் ப்ளேட்'.

படி 6: அசையாமல் இருப்பது

காலத்தால் மூத்த பொருள் இதுதான். பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டில்லெ' என்றால் அசைவற்றது. அசையாதது மாறாதது, மாறாதது எப்போதும் இருப்பது, எப்போதும் இருப்பது இப்போதும் இருப்பது. இப்படித்தான் பொருள் நகர்ந்து 'இன்னும்' வரை வந்தது. நடுவில் இருந்த 'எப்போதும்' என்ற பொருளை 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தின் 84ஆம் சங்கீதத்தில் பார்க்கலாம். தமிழ் விவிலியத்திலும் அந்த இடத்தில் 'எப்பொழுதும்' என்றே இருக்கிறது.

எக்ஸ்ரே எடுக்கும்போது 'ஹோல்ட் ஸ்டில்' என்றால் ஆடாமல் இருக்கச் சொல்கிறார்கள். குழந்தையிடம் 'சிட் ஸ்டில்' என்றால் நெளியாமல் உட்காரச் சொல்வது. பேசாமல் இருக்கச் சொல்ல 'பி கொயட்' வேறு. நம் 'சும்மா இரு' இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் இவை குழம்பும்.

ஐரோப்பாவில் உணவகத்தில் தண்ணீர் கேட்டால் 'ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?' என்பார்கள். 'ஸ்டில்' என்பது வாயு சேர்க்காத சாதாரணத் தண்ணீர். சினிமாவில் 'ஸ்டில்ஸ்' என்று டைட்டிலில் வருவதும் இந்தச் சொல்தான்: ஓடும் படத்திலிருந்து வேறான, அசையாத படம்.

சாராயமோ வாசனை எண்ணெயோ வடிக்கும் வாலைக்கும் ஆங்கிலத்தில் 'ஸ்டில்' என்றே பெயர். அது வேறு குடும்பம். துளி என்று பொருள்படும் 'ஸ்டில்லா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்றாகிப்போனது தற்செயல்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை

தமிழில் சொல்லின் முதலில் இரண்டு மெய் சேர்ந்து நிற்காது. அதனால் நம் நாக்கு தானாகவே ஒரு 'இ' சேர்த்து 'இஸ்டில்' என்கிறது. 'ஸ்ஸ்ஸ்' என்று பாம்புபோல் சீறிவிட்டு, நிறுத்தாமல் 'டில்' சொல்லிப் பழகுங்கள். உயிரைக் குறுக்கியே வையுங்கள். நீட்டினால் பாத்திரக்கடை 'ஸ்டீல்' ஆகிவிடும்.

எந்த அகராதி?

இந்தச் சொல்லுக்கு ஆங்கிலம்–தமிழ் அகராதியை நம்பாதீர்கள். 'அசையாத, அமைதியான, இன்னும், எனினும்' என்று பொருள்களை வரிசையாகத் தரும். எதை எங்கே போடுவது என்று சொல்லாது. கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் அகராதிகள் இணையத்தில் இலவசம். மூன்றில் லாங்மனை முதலில் திறக்கச் சொல்வேன். பொருளைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள்.

பயிற்சிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு நாள் முழுக்க உங்கள் காதில் விழும் 'இன்னும்' வாக்கியங்களில் பத்தை எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'தொடர்கிறது, நடக்கவில்லை, கூடுதல், காலம்' என்று வகையை மட்டும் குறியுங்கள். ஆங்கிலத்தை மறுநாள் எழுதுங்கள். வகை பிரிப்பதையும் மொழிபெயர்ப்பதையும் ஒன்றாகச் செய்தால் பழைய பழக்கமே ஜெயிக்கும்.

பின்சேர்க்கை: அடிக்கடி எழும் மூன்று சந்தேகங்கள்

'ஸ்டில் நவ்' சரியா? 'ஸ்டில் நவ் ஐ டிட் நாட் கெட் த சேலரி' என்பது நம் ஊரில் மிகவும் புழங்கும் வாக்கியம். 'ஸ்டில்' என்பதிலேயே 'இப்போதும்' இருக்கிறது, 'நவ்' வேண்டாம். 'ஐ ஸ்டில் ஹேவ்ன்ட் காட் மை சேலரி' என்று சொல்லுங்கள். 'யெட்' போட்டு 'ஐ டிட்ன்ட் கெட் இட் யெட்' என்று அமெரிக்கர்கள் பேச்சில் சொல்வதுண்டு. தேர்விலும் கடிதத்திலும் 'ஹேவ்ன்ட்' வடிவமே பாதுகாப்பு.

கேள்வியில் வரும் 'யெட்' என்ன? 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்பதை 'இன்னும் சாப்பிட்டாயா?' என்று மாற்றினால் தமிழே உடைந்துவிடும். அது நம் 'சாப்பிட்டாச்சா?'. கேள்வியில் 'யெட்' பார்த்தால் 'ஆச்சா', 'விட்டாரா' என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'வந்துவிட்டாரா?': 'ஹேஸ் ஹீ கம் யெட்?'

'யெட் டு' வந்தால் 'நாட்' எங்கே? வேண்டியதில்லை. 'த பேமென்ட் இஸ் யெட் டு பி ரிசீவ்ட்' என்பதற்குள்ளேயே 'இன்னும் வரவில்லை' இருக்கிறது. 'இஸ் நாட் யெட் டு பி ரிசீவ்ட்' என்று எழுதிய பில் குறிப்புகள் அலுவலகங்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்த 'நாட்' என்பதை அடித்துவிட்டு அனுப்புங்கள்.