கல்மூங்கிலா, முள்மூங்கிலா? காட்டில் அடையாளம் காண்பது எப்படி

மூங்கிலை மரம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். அது புல், நெல்லுக்கும் கரும்புக்கும் பங்காளி. வெளிப்பக்கம் வைரம் (கெட்டியான பகுதி) பாய்ந்தால் புல், உட்பக்கம் பாய்ந்தால் மரம் என்று தொல்காப்பியம் எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. இந்தியச் சட்டத்துக்கு அது உறைக்க 2017 ஆனது. அந்த ஆண்டுத் திருத்தத்தில்தான் காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 'மரம்' என்ற வரையறையிலிருந்து எடுத்தார்கள். காட்டுக்குள் நிற்பதை வெட்ட இன்றும் அனுமதி வேண்டும்.

சத்தியமங்கலம், முதுமலைப் பக்கத்து இலையுதிர் காடுகளில் இரண்டு மூங்கில்கள் அதிகம் கண்ணில் படும். ஒன்று கல்மூங்கில் (டென்ட்ரோகலாமஸ் ஸ்டிரிக்டஸ்). இன்னொன்று முள்மூங்கில், பெருமூங்கில் என்றும் சொல்வார்கள் (பாம்பூசா பாம்போஸ்). இரண்டுமே நம் மண்ணுக்கு உரியவை. பூங்காக்களில் மஞ்சள் கழியில் பச்சைக்கோடு போட்டு நிற்குமே, அது நட்டு வளர்த்தது, அதை விட்டுவிடுங்கள்.

மூங்கில் இருக்கும் இடத்தில் யானையும் இருக்கும். அதனால் வனத்துறை ஆள் துணையில்லாமல் உள்ளே போக வேண்டாம்.

படி 1: நிற்கும் இடம்

ஓடைக்கரை, ஈரப் பள்ளத்தாக்கு என்றால் முள்மூங்கிலாக இருக்க வாய்ப்பு அதிகம். கல்லும் சரளையுமான வறண்ட சரிவு என்றால் கல்மூங்கில். இது ஒரு ஊகம் மட்டுமே, முடிவு இல்லை.

படி 2: குத்தின் (மூங்கில் புதரின்) அடிப்பகுதி

இதுதான் முக்கியம். அண்ணாந்து பார்க்காதீர்கள், குனிந்து பாருங்கள். முள்மூங்கிலின் கீழ்க்கணுக்களிலிருந்து கம்பி போன்ற கிளைகள் கிளம்பி, ஒன்றோடொன்று பின்னி, வேலி மாதிரி நிற்கும். அந்தக் கிளைகளின் கணுக்களில் இரண்டு மூன்றாக வளைந்த முட்கள் இருக்கும். மூன்று இருந்தால் நடுமுள் பெரியது. நான் முதல் தடவை ஒரு கழியின் பருமனை அளக்கக் கையை உள்ளே விட்டேன். விட்டது சுலபம், எடுக்கத்தான் முடியவில்லை. முள் பின்பக்கமாக வளைந்திருப்பதால் இழுக்க இழுக்க ஏறுகிறது. சட்டைக்கையை அங்கேயே கிழித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். கல்மூங்கிலுக்கு முள் கிடையாது.

படி 3: கழி

முள்மூங்கில் 15 முதல் 30 மீட்டர் வரை போகும். நன்றாக விளைந்த கழியின் விட்டம் 15 செ.மீ.யைத் தாண்டும். பளபளக்கும் பச்சை, உள்ளே பொந்து. கல்மூங்கில் பெரும்பாலும் 8 முதல் 16 மீட்டர், விட்டம் 8 செ.மீ.க்குள். இளங்கழியில் வெளிர்நீலப் பச்சையும் மேலே திருநீறு தூவியது போன்ற பூச்சும் இருக்கும், முற்றினால் மஞ்சளடிக்கும்.

'கெட்டியாக இருந்தால் கல்மூங்கில்' என்று எல்லோரும் சொல்வார்கள். போலீஸ் லத்தி அதில் செய்வதால் வந்த நம்பிக்கை. வறண்ட இடத்தில் வளர்ந்த கழிக்கு அது சரிதான். ஆனால் ஈரமான மண்ணில் அதே கல்மூங்கில் பொந்து விட்டு வளரும். பொந்தை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள்.

படி 4: கீழே விழுந்த உறை

குருத்தை மூடியிருந்த உறை காய்ந்து அடியில் கிடக்கும். வெறுங்கையால் தடவாதீர்கள், சுணை (குத்தும் நுண்மயிர்) ஏறிவிடும். முள்மூங்கிலின் உறை தோல் மாதிரி தடித்தது, ஒரு முழம்கூட நீளம் வரலாம். அதன் நுனியில் முக்கோணமாக ஒரு சிறு இலை இருக்கும். அந்தச் சிறு இலையின் உட்பக்கத்தைப் பாருங்கள்: கரும்பழுப்பில் வெல்வெட் போல ரோமம் அடர்ந்திருக்கும். கல்மூங்கிலின் உறை சிறியது. முதுகில் பொன்பழுப்புச் சுணை இருக்கும். ரொம்ப வறண்ட இடங்களில் சுணையே இல்லாமலும் கிடைக்கும்.

படி 5: இலையின் அடிப்பக்கம்

ஓர் இலையைத் திருப்பி விரலால் தடவுங்கள். கல்மூங்கில் என்றால் பூனைமயிர் போல மெதுமெதுப்புத் தெரியும். முள்மூங்கிலில் ஏறக்குறைய வழுவழுப்பு.

பூவை வைத்தும் சொல்லலாம்தான். ஆனால் கூட்டமாகப் பூப்பதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பூத்து, மூங்கிலரிசி உதிர்ந்ததும் குத்து காய்ந்துவிடும். அதற்காகக் காத்திருக்க முடியாது.

நாற்று வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு நாற்றுப்பண்ணையில் கல்மூங்கில் என்று கொடுத்த நாலு கன்றைத் தோட்டத்து வரப்பில் வைத்தேன். இரண்டு வருஷத்தில் முள் எட்டிப் பார்த்தது. முழங்கால் உயரக் கன்றைப் பார்த்து ரகம் சொல்வது கஷ்டம். தாய்க்குத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால், நேராக இரண்டாவது படிக்குப் போய்க் குனிந்து பாருங்கள்.