இரண்டாவது சீருடை: டி.எஸ்.சி.க்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராணுவத்தில் முழு சர்வீஸ் முடித்து, பென்ஷனோடு ஊர் வந்து, வீட்டுக்கு மேல்தளம் போட்டு, ஆறு மாதம் வயல் வரப்பு என்று ஓட்டிவிட்டு, "சும்மா இருக்க முடியல அண்ணாச்சி" என்று மறுபடி சீருடைக்கு மனு எழுதுகிறவர்கள் நாங்குநேரி, களக்காடு, வள்ளியூர் பக்கம் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் போவது டி.எஸ்.சி. எனப்படும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோருக்கு. 1947இல் தொடங்கப்பட்டு 1958 முதல் இந்தப் பெயரில் இருக்கும் படை இது. மையம் கண்ணூரில். ஆள் ராணுவத்து ஆள், சட்டம் ராணுவச் சட்டம். ஆனால் காவல் நிற்கும் இடம் கடற்படைத் தளமாக இருக்கலாம், விமானப்படை நிலையமாக இருக்கலாம், வெடிமருந்துக் கிடங்காகவும் இருக்கலாம்.

சிக்கல் அங்கேதான். பட்டாலியன் பழக்கத்தோடு வேறு படையின் வாசலில் போய் நிற்கிறார்கள். ஒரே தவறுகளை வருடா வருடம் வெவ்வேறு ஆட்கள் செய்கிறார்கள். ஷூ பாலிஷ், முடிவெட்டு, நேரத்துக்கு ஃபால்-இன் என்பதெல்லாம் இருபது வருடம் யூனிஃபார்ம் போட்டவருக்குச் சொல்லவேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

விசயநாராயணத்திலேயே போட்டுவிடுவார்கள் என்று நம்புவது

ஊர்ப்பக்கத்தில், விசயநாராயணத்தில், ஐ.என்.எஸ். கட்டபொம்மன் இருக்கிறது. 1990இலிருந்து, நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மிகத் தாழ்ந்த அலைவரிசையில் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம். அதை மனதில் வைத்துக்கொண்டு, "வீட்ல சாப்பிட்டுட்டு டூட்டிக்குப் போயிரலாம்" என்று வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. போஸ்டிங்கைத் தீர்மானிப்பது கண்ணூர் ரெக்கார்ட்ஸ், அதாவது அங்குள்ள பதிவேட்டு அலுவலகம். பஞ்சாபில் ஒரு கிடங்கு, அசாமில் ஒரு விமானத்தளம், மும்பையில் ஒரு கப்பல் பட்டறை, எது வேண்டுமானாலும் வரும். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அப்பா அம்மா மருத்துவம், வயல் குத்தகை எல்லாவற்றையும் நீங்கள் வெளியூரில் இருப்பதாக வைத்து முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். உள்ளூர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

உடம்பை மறந்துவிட்டு மனு போடுவது

மருத்துவத் தகுதி ஷேப்-1 கேட்கிறார்கள். மனநலம், காது, கைகால், உடல்திறன், கண் என்று ஐந்திலும் முதல் தரம். பென்ஷன் வந்த ஒரு வருடத்தில் இடுப்புச் சுற்றளவும் ரத்த அழுத்தமும் ஏறிவிடும். தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே பாளையங்கோட்டையில் ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் மூன்றையும் பார்த்துவிட்டுப் பிறகு ஓட ஆரம்பியுங்கள். முதல் வாரமே நேரம் வைத்து ஓடி முட்டியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நாலு வாரம் வேக நடை, அப்புறம் ஓட்டம்.

பழைய ரேங்கைக் கூடவே கொண்டுபோவது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இதுதான். இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த பேட்ச்சில் ஒருவர் அப்படியே செய்துவிட்டு வந்து நிற்பார். பார்க்கும்போது இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

டி.எஸ்.சி.யில் நுழைவது சிப்பாயாகத்தான். முப்பது பேரை வரிசையில் நிறுத்தி வேலை வாங்கிய ஹவில்தாரும் சிப்பாய், நாயக்கும் சிப்பாய். கார்டு கமாண்டராக, அதாவது காவல் குழுவின் தலைவராக, வருகிறவர் பழைய ரெஜிமென்டில் உங்களைவிட எட்டு வருடம் ஜூனியராக இருந்திருப்பார். அவர்தான் இரவு இரண்டு மணி டூட்டியை உங்கள் பெயருக்கு எழுதுவார். கார்டு ரூமைக் கூட்டச் சொல்வார். முதல் வாரம் பொறுத்துக்கொள்வார்கள். இரண்டாவது வாரம் வாய் திறக்கும்: "நான் சியாச்சின் பாத்தவன், எனக்குப் பாடம் எடுக்காதீங்க."

பேச்சோடு நின்றால்கூடப் பரவாயில்லை. பழைய ரேங்க் கண்ணையும் மறைத்துவிடும். வடக்கே ஒரு விமானப்படை நிலையத்தில், நம் பக்கத்து முன்னாள் ஹவில்தார் ஒருவர் மெயின் கேட்டில் நின்றார். நள்ளிரவு தாண்டி ஒரு வெள்ளைக் கார். கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளே இருந்தவர் அட்டையை எடுக்காமல் தலையை மட்டும் அசைத்தார். இவருக்கு முகம் தெரியும். உட்கார்ந்திருக்கும் தோரணையிலேயே ஆபீசர் என்றும் தெரியும். விறைப்பாக ஒரு சல்யூட், தடுப்பு மேலே போனது. மறுநாள் காலை கூப்பிட்டுக் கேட்டார்கள்: அட்டையைப் பார்த்தாயா? "முகம் தெரியும் சார்" என்றார். காரில் வந்தது, காவலைச் சோதிக்க அனுப்பிய ஆள். அந்தப் பதிலையே அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

பட்டாலியனில் எண்ணூறு பேர். முகத்தைப் பார்த்தே ஆளைத் தெரியும், தெரிந்திருக்கவும் வேண்டும். நிலையம் அப்படியில்லை. டெக்னீஷியன்கள், குடும்பங்கள், சிவிலியன் ஊழியர்கள், ஒப்பந்தக்காரரின் கூலியாட்கள் என்று தினமும் முகம் மாறும். இங்கே சென்ட்ரியின், அதாவது காவல் நிற்பவரின், அதிகாரம் தோள்பட்டையிலிருந்து வருவதில்லை. அந்தப் போஸ்டில் ஒட்டியிருக்கும் உத்தரவுத் தாளிலிருந்து வருகிறது. அட்டையைக் கையில் வாங்கு, படத்தைப் பார், முகத்தைப் பார், செல்லுபடி தேதியைப் பார், பிறகு சல்யூட் என்று அதில் எழுதியிருந்தால் கமாண்டிங் ஆபீசர் வந்தாலும் அதே வரிசைதான். நிறுத்திக் கேட்டதற்காக எந்த ஆபீசரும் சென்ட்ரியைத் தண்டித்துவிட முடியாது. கேட்காமல் விட்டதற்குத் தண்டனை உண்டு.

அதோடு முடிவதில்லை. ராணுவச் சட்டம் 63ஆவது பிரிவில் ஒழுங்கு மீறியதாக ஒரு சார்ஜ், ஒரு ரெட் இங்க் என்ட்ரி, அதாவது சேவைப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறும் தண்டனைக் குறிப்பு. அது ஒப்பந்தக் காலம் முடிந்து நீட்டிப்புக்குப் பெயர் போகும்போது எதிரே வந்து நிற்கும். இன்னும் சிலர் மனசு உடைந்து, "நமக்கு இது ஒத்துவராது" என்று தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அங்கேதான் பெரிய இழப்பு. முதல் பென்ஷனை வாங்கிக்கொண்டே டி.எஸ்.சி.யில் இருப்பவருக்கு இரண்டாவது பென்ஷன் வேண்டுமென்றால் அங்கே தகுதிச் சேவை 15 வருடம் வேண்டும். ஒன்பதாம் வருடம் கோபித்துக்கொண்டு வந்தவருக்கும் பதின்மூன்றாம் வருடம் நீட்டிப்புக் கிடைக்காமல் வந்தவருக்கும் கையில் வருவது பணிக்கொடை மட்டும். மாதாமாதம் வருவது எதுவும் இல்லை. குறைகிற மாதங்களை மன்னிக்கச் சொல்லி ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் படியேறியவர்கள் எத்தனையோ பேர். வக்கீல் செலவும் வருடக்கணக்கான காத்திருப்பும் அவர்களைக் கேட்டால் தெரியும்.

வயதுக் கணக்கையும் இத்தோடு சேர்த்தே போடுங்கள். ஓய்வு வயது 57 என்று வைத்தால், 42 தாண்டிச் சேர்கிறவருக்கு 15 வருடம் நிறையாது. அவர் போகவே கூடாது என்று சொல்லவில்லை. சம்பளத்துக்காகப் போகலாம், தாராளமாக. ஆனால் இரண்டாவது பென்ஷனை நம்பி வீட்டுக் கடன் வாங்கக் கூடாது. சேரும்போது பழைய சேவையைக் கூட்டிக் கணக்கிடுவதா, முதல் பென்ஷனைத் தொடர்வதா என்று விருப்பம் கேட்டு ஒரு தாள் வரும். பக்கத்தில் இருப்பவர் எங்கே டிக் போட்டார் என்று எட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் வயது வேறு, அவர் சேவை வேறு. ஊரிலேயே முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, இரண்டு வழிக்கும் தொகையைத் தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மேகசீனை எண்ணிவிட்டு ரவுண்டை எண்ணாமல் விடுவது

காவல் மாறும்போது கால் மணி நேரம் முன்பே போய் நில்லுங்கள். போஸ்ட் உத்தரவைப் படியுங்கள், நேற்றுப் படித்திருந்தாலும் சரி. துப்பாக்கியின் எண்ணை ரிஜிஸ்டரோடு ஒப்பிடுங்கள். மேகசீனைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து, பிறகு ரவுண்டுகளை, அதாவது தோட்டாக்களை, ஒவ்வொன்றாக எண்ணுங்கள். இன்சாஸ் துப்பாக்கியின் மேகசீன் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், இருபது ரவுண்டு பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நிறைந்திருப்பதாகத் தெரிவதால்தான் எண்ணாமல் வாங்கிவிடுகிறார்கள். ஒன்று குறைந்தால் கடைசியாகக் கையெழுத்துப் போட்டவர்தான் பொறுப்பு. அடுத்து பூட்டு, சீல், டார்ச், டெலிபோன். டெலிபோனை எடுத்துக் கார்டு ரூமுக்கு ஒரு தடவை பேசிப் பாருங்கள்; டயல் டோன் வருகிறதென்று வைத்துவிடாதீர்கள். எல்லாம் சரியென்றால்தான் கையெழுத்து. பழைய சென்ட்ரி அவசரப்படுவார், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பார். கேட்காதீர்கள்.

எந்தக் கேப்டன்?

ராணுவத்தில் கேப்டன் தோளில் மூன்று நட்சத்திரம். கடற்படையில் கேப்டன் நம் கர்னலுக்குச் சமம், நான்கு பட்டை. நம் கேப்டனுக்குச் சமமானவர் அங்கே லெப்டினன்ட், இரண்டு பட்டை. விமானப்படையில் அதே இடத்தில் ஃபிளைட் லெப்டினன்ட். கர்னல் இடத்தில் குரூப் கேப்டன். கார்டு ரூம் சுவரில் மூன்று படைகளின் ரேங்க் படம் தொங்கும். முதல் நாளே அதைப் பார்த்து ஒரு நோட்டில் கையால் வரைந்துகொள்ளுங்கள். நம் சுபேதார் சாப் இடத்தில் இருப்பவர் கடற்படையில் மாஸ்டர் சீஃப், விமானப்படையில் வாரண்ட் ஆபீசர். அவரை சாப் என்று கூப்பிட்டால் கோபிக்கமாட்டார்; ஆனால் நீங்கள் அந்த இடத்தைக் கற்றுக்கொள்ளவில்லை என்று குறித்துக்கொள்வார்.

சல்யூட்டும் மூன்று விதம். நம்முடையது உள்ளங்கை முன்னே தெரிய. கடற்படையில் உள்ளங்கை தரையைப் பார்க்கும். விமானப்படையில் 2006 முதல் இரண்டுக்கும் நடுவே, 45 பாகையில் சாய்ந்திருக்கும். டி.எஸ்.சி. ஆள் எங்கே நின்றாலும் ராணுவ சல்யூட்தான். சுற்றியிருப்பவர்களைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டாம்.

அந்த இடத்தின் வழக்கத்தைச் சின்ன விஷயம் என்று நினைப்பது

கடற்படைத் தளத்தில் காலை எட்டு மணிக்குக் கொடியேற்றம், சூரியன் மறையும்போது இறக்கம். அந்த நேரத்தில் தளத்துக்குள் எங்கே நடந்துகொண்டிருந்தாலும் நின்று, கொடிப் பக்கம் திரும்பி விறைப்பாக நிற்கவேண்டும். காய்கறிப் பையோடு தொடர்ந்து நடந்த நம் ஆட்களைப் பற்றி வரும் புகார்கள் நியாயமானவை. தரையில் கட்டிய நிலையமாக இருந்தாலும் அதைக் கப்பல் என்றே பேசுவார்கள். கேட்டைத் தாண்டி டவுனுக்குப் போவது அவர்களுக்குக் கரைக்குப் போவது. விமானத்தளத்தில் ஓடுபாதைப் பக்கம் ஒரு பீடித்துண்டு, ஒரு ஆணி, சட்டையிலிருந்து விழுந்த ஒரு பொத்தான்கூடக் கிடக்கக் கூடாது. இன்ஜின் அதை உள்ளே இழுத்துக்கொண்டால் பிளேடுகள் சிதையும். ரோந்து போகும்போது கண்ணில் படுவதை எடுத்துப் பையில் போடுங்கள். குறுக்கு வழி என்று ஓடுபாதையைக் கடக்கவே கடக்காதீர்கள்.

இந்தி

மெட்ராஸ் ரெஜிமென்டிலிருந்து போகிறவர்களுக்குத் தமிழும் மலையாளமும் கலந்து ஓடியிருக்கும். டி.எஸ்.சி. பிளாட்டூனில் பல ரெஜிமென்டுகளின் ஆட்கள். வயர்லெஸ்ஸில் இந்தியில் தடுமாறாமல் பேசுமளவுக்குப் பழகிவிட்டுப் போங்கள்.

கோவில் கொடைக்கு லீவு

ஊர்க்காரர் எல்லோரும் அதே வாரம்தான் கேட்பார்கள். தேதி தெரிந்த அன்றே மனு எழுதுங்கள்.

குடி

டூட்டிக்கு முந்தின இரவு கூடவே கூடாது.

பெயரும் குடும்பமும்

நம் ஊர் ஆட்களுக்கு மட்டும் வரும் தொல்லை இனிஷியல். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் எழுத்து முன்னால். மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். மனு போடும் முன்பே ஒன்றாக்குங்கள். மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் அதேபோலச் சரிபாருங்கள்.

பழைய ரெக்கார்ட்ஸில் எல்லாம் ஏறியிருக்கிறது என்று குடும்ப விவரத்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. டி.எஸ்.சி. ரெக்கார்ட்ஸ் தனி. திருமணம், பிள்ளைகளின் பிறப்பு, நாமினி எல்லாவற்றுக்கும் அங்கே பார்ட் டூ ஆர்டர் (விவரத்தைப் பதிவேட்டில் ஏற்றும் உத்தரவு) வெளியாகியிருக்கிறதா என்று முதல் மாதமே கிளார்க்கிடம் கேளுங்கள். வெளியான ஆர்டரின் எண்ணையும் தேதியையும் குறித்து, ஒரு நகலைப் பழைய பென்ஷன் உத்தரவான பி.பி.ஓ.வோடு சேர்த்து வீட்டில் மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று பெரிய பிள்ளைக்கும் காட்டிவிட்டு ரயில் ஏறுங்கள்.