நாயகனை மாற்றும்போது கேம் தொடர்கள் செய்யும் தவறுகள்

2001-இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 2’-ஐ வாங்கியவர்களில் பெரும்பாலோர் தொடரின் நாயகன் ஸ்நேக்குக்காகத்தான் வாங்கினார்கள். முதல் அத்தியாயம் எதிர்பார்த்தபடியே போனது. மழை, ஒரு பெரிய எண்ணெய்க் கப்பல், காவலர்களின் முதுகுக்குப் பின்னால் பதுங்கிப் போகும் ஸ்நேக். அது முடிந்ததும் கதை இரண்டு வருடம் தாண்டுகிறது. முகமூடி போட்ட ஒருவன் கடலுக்கடியில் நீந்தி வந்து கரை ஏறுகிறான். ரேடியோவில் அவனையும் ‘ஸ்நேக்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில், உன் பெயரை மாற்றுகிறோம், இனி நீ ரெய்டன் என்கிறார்கள். லிஃப்ட் மேலே ஏறும்போது முகமூடி கழல்கிறது. உள்ளே வெளிறிய முடியுள்ள ஓர் இளைஞன். மீதிக் கேம் முழுக்க அவன்தான்.

அன்று ரசிகர்களுக்கு வந்த கோபம் பல வருடம் அடங்கவில்லை. அதோடு ஒரு கேள்வியும் நிலைத்துவிட்டது: ஒரே ஆளை வைத்து வளர்ந்த தொடர் அந்த ஆளைத் தாண்டிப் போகலாமா?

போகலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் சினிமா நாயகனை நாம் கண்ணால் பழகுகிறோம், கேம் நாயகனை விரலால் பழகுகிறோம். எந்த பட்டனுக்கு அவன் எப்படிக் குதிப்பான், எவ்வளவு அடி தாங்குவான் என்பதெல்லாம் நாற்பது ஐம்பது மணி நேரத்தில் நம் கட்டைவிரலில் ஏறிவிடுகிறது. கதையில் ஆளை மாற்றுவது சுலபம். கையில் மாற்றுவதுதான் வேலை. இனி சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறந்ததால் வந்தவை.

எல்லாத் தொடரையும் ஒரே தராசில் வைப்பது

‘ஜிடிஏ 5’ (2013) மைக்கேல், ஃபிராங்க்ளின், டிரெவர் என்று மூன்று பேரைக் கொடுத்தது, யாரும் வருத்தப்படவில்லையே என்று சிலர் வாதாடுவார்கள். ஜிடிஏ எப்போதுமே ஆளை மாற்றிக்கொண்டே வந்த தொடர். அங்கே நிரந்தர நாயகன் நகரம்தான். ‘ரெசிடென்ட் ஈவில்’ 1996-இல் தொடங்கும்போதே கிறிஸ், ஜில் என்று இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. இவற்றை முன்னுதாரணமாகக் காட்டுவதில் பயனில்லை.

மறுமுனையில் ‘மெட்ராய்ட்’ இருக்கிறது. அங்கே நாயகி சாமஸ் தனியாக இருப்பதுதான் விளையாட்டே. பேச யாரும் இல்லை, வழி சொல்ல யாரும் இல்லை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போய், இரண்டு மணி நேரம் கழித்து அதைத் திறக்கும் ஆயுதத்தோடு திரும்பி வரவேண்டும். 2010-க்குப் பிறகு சாமஸுக்கு ஒரு புதிய கேம்கூட இல்லாத நேரத்தில், நாலு பேர் படைவீரர்களாகச் சேர்ந்து விளையாடும் ‘ஃபெடரேஷன் ஃபோர்ஸ்’ வரப்போகிறது என்று நிண்டெண்டோ 2015-இல் அறிவித்தது. அதை நிறுத்தச் சொல்லி ரசிகர்கள் மனு போட்டார்கள். படைவீரர்களை வைத்துக் கேம் செய்வதில் தப்பில்லை. பசியோடு காத்திருந்தவர்களுக்கு இலையில் வேறு ஏதோ வைத்ததுதான் தப்பு. 2021-இல் ‘மெட்ராய்ட் டிரெட்’ தனிமையில் விடப்பட்ட சாமஸோடு வந்தபோது எல்லாரும் கொண்டாடினார்கள்.

முகத்தை மாற்றிவிட்டுக் கையை அப்படியே விடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசவேண்டும், ஏனென்றால் அதிகம் நடப்பது இதுதான்.

‘ஹேலோ 5’ (2015) தொடரின் நாயகன் மாஸ்டர் சீஃப்பைத் துரத்தும் லாக் என்ற வீரனை முன்னால் நிறுத்தியது. மொத்தம் 15 மிஷன். அதில் சீஃப்பாக விளையாடக் கிடைப்பது 3. விளம்பரங்கள் இருவருக்கும் பெரிய மோதல் என்று ஆசை காட்டின. கேமிலோ நாம் பார்க்க மட்டும் முடிகிற ஒரு சின்ன காட்சியில் (கட்சீன்) வரும் கைகலப்போடு அது முடிந்துவிட்டது. ஆனால் எனக்குப் பட்ட பெரிய குறை வேறு. லாக்கும் சீஃப்பைப் போலவே ஸ்பார்ட்டன் என்ற சிறப்புப் படைவீரன்தான். அதே ஓட்டம், அதே குதி, அதே கேடயம். கண்ணை மூடிக்கொண்டு விளையாடினால் யார் என்று சொல்ல முடியாது. அப்படியானால் இவன் எதற்கு என்ற கேள்வி தானாக வருகிறது. அதற்குக் கேமில் பதில் இல்லை.

இதே தொடர் முன்பு இதைவிட நன்றாகச் செய்திருக்கிறது. 2004-இன் ‘ஹேலோ 2’ தொடங்கும்போதே இரண்டு காட்சிகளை மாற்றி மாற்றிக் காட்டும். ஒரு பக்கம் சீஃப்புக்குப் பதக்கம், மறு பக்கம் ஹேலோ என்ற வளைய உலகத்தைக் காக்கத் தவறிய எதிரிப் படைத் தளபதிக்குத் தண்டனை. அந்தத் தளபதிதான் பிறகு ஆர்பிட்டர் என்ற பெயரில் நாம் விளையாடும் இரண்டாவது நாயகன். சீஃப் டார்ச் அடிக்கும் அதே பட்டனை ஆர்பிட்டராக இருக்கும்போது அழுத்தினால் உடம்பு மறைந்துபோகும். ஒரே ஒரு பட்டன்தான் மாறியிருக்கிறது, ஆனால் மறைந்து மறைந்து நெருங்கி ஒளிவாளால் வெட்டும்போது, நேற்றுவரை நம்மைக் கொன்றவர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்பது உள்ளிருந்து புரிகிறது. அன்று இதற்கும் முணுமுணுத்தார்கள்தான். இன்று ஆர்பிட்டர் இல்லாத ஹேலோவை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

2009-இன் ‘ஹேலோ 3: ஓடிஎஸ்டி’ இன்னும் துணிச்சல். வாயே திறக்காத ஒரு சாதாரணப் படைவீரன், இரவில், ஆளில்லாத நியூ மொம்பாசா நகரத்தில். தானாக நிரம்பும் ஸ்பார்ட்டன் கேடயம் இல்லை, மருந்துப்பெட்டி தேடி எடுக்கவேண்டும். சீஃப்பாக இருந்தபோது நேராக ஓடிப்போய்த் தாக்கிய எதிரியை இப்போது பார்த்ததும் கால் தானாகச் சுவருக்குப் பின்னால் போகும். வசனமே இல்லாமல் ஆள் மாறிவிட்டான்.

நான் விரலில் இதை முதலில் உணர்ந்தது ‘டெவில் மே கிரை 4’-இல் (2008). அதுவரை அந்தத் தொடரில் நாயகன் டான்டேதான் எல்லாம். இதில் நீரோ வந்தான். அவன் வாளின் கைப்பிடியில் பைக்கில் இருப்பது போல ஒரு ஆக்சிலரேட்டர் உண்டு. வெட்டு விழும் அதே கணத்தில் அதை முறுக்கினால் அடுத்த வெட்டு நெருப்போடு விழும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் வெறும் வெட்டுதான். முதல் நாள் பத்துக்கு ஒன்று வந்தது. ஒரு வாரம் கழித்து மூன்று வெட்டும் வரிசையாக உறுமியபோது, டான்டே எங்கே என்று கேட்க மறந்திருந்தேன்.

அதே கேம்தான் அதற்கு நேரெதிரான தவறையும் செய்தது. 12-ஆவது மிஷனிலிருந்து டான்டே வருகிறான். ஆனால் அவனுக்கென்று இடம் எதுவும் இல்லை. நீரோ கடந்துவந்த காடும் கோட்டையும்தான், தலைகீழ் வரிசையில், ஏறக்குறைய அதே பாஸ்களோடு (கட்டத்தின் முடிவில் வரும் பெரிய எதிரிகள்). விருந்துக்கு அழைத்துவிட்டு மிச்சத்தைப் பரிமாறிய மாதிரி. ஒருவருக்காகக் கட்டிய வீட்டில் இன்னொருவரைக் குடிவைத்தால் இருவருக்குமே மரியாதை இல்லை.

புதியவரின் கையைக் கட்டிவிடுவது

2018-இல் வந்த ‘ஸ்பைடர்மேன்’ கேமில் கட்டடத்துக்குக் கட்டடம் தாவும் சுகம் ஒன்று போதும், காசு செரித்துவிடும். நடுநடுவே அதை நிறுத்திவிட்டு நாயகன் பீட்டரின் தோழி மேரி ஜேனாகவும், மைல்ஸ் என்ற பையனாகவும் பதுங்கிப் போகச் சொல்வார்கள். மைல்ஸின் ஒரு மிஷனில் ரைனோ என்ற வில்லன் கண்ணில் படாமல் நழுவவேண்டும், மாட்டினால் திரும்ப முதலிலிருந்து. அந்த இடங்களில் எல்லாருக்கும் எரிச்சல் வந்தது. பழி பாத்திரங்கள் மேல் விழுந்தது. பறந்துகொண்டிருந்தவனை இறக்கி நடக்கவிட்டது மேரி ஜேனா? மிஷனை வடிவமைத்தவர்கள்தானே.

2020-இல் மைல்ஸுக்கே தனி கேம் வந்தபோது பாருங்கள். அதே பையன். இப்போது கையில் மின்சாரம், நினைத்தால் மறைந்துபோகலாம். தாவும்போது பீட்டரைப் போல நேர்த்தி இருக்காது, காற்றில் கையும் காலும் உதறும், இப்போதுதான் கற்றுக்கொள்கிறான் என்பது தெரியும். பிறகு மைல்ஸைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. அது அளவில் சின்ன கேம் என்பதும் முக்கியம். ‘அன்சார்டட்’ தொடரும் 2017-இல் நாயகன் நேத்தன் டிரேக் இல்லாமல் துணைப் பாத்திரமான குளோயியை வைத்து ஒரு சின்னக் கதையாகத்தான் சோதித்துப் பார்த்தது. எடுத்த எடுப்பில் பெரிய பாகத்தில் பந்தயம் கட்டவேண்டிய அவசியமில்லை. ‘விட்சர் 4’-இன் நாயகி சிரி என்று 2024 டிசம்பரில் அறிவித்தபோது, 2015-இன் மூன்றாம் பாகத்தில் அவளாகச் சில மணி நேரம் விளையாடியவர்களின் விரல் ஏற்கெனவே அவளை அறிந்திருந்தது.

பழையவரைப் பூட்டி வைப்பது

‘மெகா மேன் எக்ஸ்7’ (2003), பெயரிலேயே இருக்கும் நாயகன் எக்ஸை ஆரம்பத்தில் கொடுக்கவில்லை. புதிய பையன் ஆக்ஸலையும் ஜீரோவையும் வைத்துக்கொண்டு, 64 ரோபோக்களைக் காப்பாற்றவேண்டும், இல்லாவிட்டால் எட்டு பாஸையும் முடிக்கவேண்டும். அப்புறம்தான் எக்ஸ். ஆக்ஸல் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஆனால் இப்படிச் செய்தால் புதியவன் வீட்டு வாசலை மறித்து நிற்பவனாகத்தான் தெரிவான்.

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ (2020) இதைவிடச் சிக்கலானது. கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். பாதிக் கதை வரை எல்லியாக ஏபியைத் தேடி அலைகிறோம், ஏபி கொன்றது முதல் பாகத்தின் நாயகன் ஜோயலை. இருவரும் நேருக்கு நேர் நிற்கும் நொடியில் கேம் நம்மை ஏபியாக்கி, மூன்று நாள் பின்னால் கொண்டுபோகிறது. எல்லிக்குச் சேர்த்த திறமைகள் எதுவும் இல்லை. எல்லியிடம் தேயாத கத்தி ஒன்று இருந்தது, ஏபி ஒவ்வொரு குத்துக்கும் கூர்முனை ஒன்று செய்துகொள்ளவேண்டும். பல மணி நேரம் கழித்து அதே நொடிக்குத் திரும்பி வந்து, ஏபியாக எல்லியோடு மோதவேண்டும். எல்லி பதுங்கி, பொறி வைத்து, நாம் அவளாக இருந்தபோது என்னவெல்லாம் செய்தோமோ அதையே நமக்குச் செய்கிறாள். என் கணக்கில், நாயகனை மாற்றும் உத்தி இவ்வளவு ஆழமாகப் போனது வேறெங்கும் இல்லை. பலருக்கு அது தாங்கவில்லை என்பதும் நியாயம்தான். ஏபிக்குக் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலைமிரட்டல் அனுப்பியதில் மட்டும் ஒரு நியாயமும் இல்லை.

ரெய்டனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே. ஸ்நேக் உருளும் இடத்தில் கரணம் அடித்ததற்காகவே கேலிக்கு ஆளானவன், 2013-இல் ‘மெட்டல் கியர் ரைசிங்’ கேமில் தனி நாயகனாக வந்தான். பதுங்குவது பின்னுக்குப் போய்விட்டது. நேரத்தை மெதுவாக்கி, வாள் போகும் கோணத்தை நாமே தீர்மானித்து, எதிரியைத் துண்டு துண்டாக வெட்டலாம். ஸ்நேக்கின் கையால் செய்யவே முடியாத வேலை. பன்னிரண்டு வருடத்துக் கேலி அதோடு தணிந்தது.

ஒப்படைப்பதற்கு அவசரப்படுவது

‘யாகுசா’ தொடர் இதில் பொறுமைசாலி. 2005-இலிருந்து நாயகன் கிர்யூ. நான்காம் பாகத்தில் அவரோடு இன்னும் மூன்று பேர், ஐந்தில் மொத்தம் ஐந்து பேர், ‘யாகுசா 0’-இல் மஜிமாவோடு பாதிப் பாதி. 2020-இல்தான் இச்சிபான் கசுகா முழுப்பொறுப்பு எடுத்தார். அப்போது தெருச்சண்டையாகவே இருந்த தொடர், முறை வைத்து அடிக்கும் ஆர்பிஜியாக (ரோல்-பிளேயிங் கேம்) மாறியது. இச்சிபான் சின்ன வயதிலிருந்தே ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற ஆர்பிஜி கேமின் பைத்தியம், ரவுடிகள் அவர் கண்ணுக்கு அரக்கர்களாகத் தெரிகிறார்கள், தனியாக அடிக்காமல் நண்பர்களோடு அடிப்பவர். சண்டை முறை மாறியதற்கான காரணம் அந்த ஆளுக்குள்ளேயே இருக்கிறது.

அதே தொடரில் 2024-இன் ‘இன்ஃபினிட் வெல்த்’ இருவரையும் சேர்த்து வைக்கிறது. கிர்யூவுக்குப் புற்றுநோய். அவரும் இப்போது இச்சிபானின் உலகத்து விதிப்படி தன் முறைக்காகக் காத்து நின்று அடிக்கிறார். ஆனால் அவருடைய கேஜ் (சக்தியைக் காட்டும் பட்டை) நிரம்பியதும் ஒரு பட்டனை அழுத்தினால் முறையெல்லாம் நின்றுபோய், கிர்யூ சுதந்திரமாக நடக்க ஆரம்பிக்கிறார். பழைய தெருச்சண்டையின் அதே பட்டன்கள்: ஸ்கொயர், ஸ்கொயர், டிரையாங்கிள். எந்தச் சொல்லித்தரலும் இல்லாமல் விரல் தானாகப் போகிறது. சில நொடிகள்தான். கேஜ் தீர்ந்ததும் அவர் மறுபடி வரிசைக்குத் திரும்பி, தன் முறைக்காகக் காத்திருக்கிறார்.